வெட்டுப்பட்ட முகங்கள்: தென்னிந்திய ரோமானியக் காசுகளின் சேதமும் அதற்கான விளக்கங்களும்

1898ஆம் ஆண்டு புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் காலம் தொடங்கி வெஸ்பாசியன் காலம் வரையில், அதாவது ஏறக்குறைய நூறாண்டுக் காலத்தில் அச்சிடப்பட்டவை அவை. இவ்வளவு பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்ததைவிட வியப்பூட்டியது அவற்றின் நிலை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசரின் தலைமீது கூர்மையான கருவியால் குறுக்கே ஒரு வெட்டு போடப்பட்டிருந்தது. பொன்னைச் சுரண்டி எடுத்ததற்கான அடையாளம் இல்லை, காசு துண்டாக்கப்படவும் இல்லை. முகம் மட்டும் கெடுக்கப்பட்டிருந்தது.

யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து தொடர்கிறது. நூறாண்டுக்கு மேலாக நாணயவியலாளர்கள் பல விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவ்விடைகளின் தோற்றம், பலம், பலவீனம் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. காசின் சேதத்தை வரலாற்றுச் சான்றாக எந்த அளவுக்கு நம்பலாம் என்ற பொதுவான கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கிறது.

கேள்வியின் பின்னணி

முதல் நூற்றாண்டில் ரோமானியப் பணம் இந்தியாவுக்குப் பெருமளவில் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சியஸ் பணத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார். முசிறிப் பகுதித் துறைமுகங்களுக்கு வரும் பொருள்களில் பெருந்தொகையான நாணயத்தைப் பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு முதன்மையாகக் குறிப்பிடுகிறது. யவனர் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு பதிவு செய்கிறது. கொங்குப் பகுதியின் வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கிடைத்த காசுகள் இந்த வணிகம் உள்நாட்டுக்குள் எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதைக் காட்டுகின்றன. இத்தகைய கண்டுபிடிப்புகளை ராபர்ட் சீவெல் 1904இல் தொகுத்துப் பட்டியலிட்டார். பாலா டர்னர் 1989இல் வெளியிட்ட நூல், இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பற்றிய இன்றியமையாத ஆதாரமாக விளங்குகிறது.

வெட்டுகள் புதுக்கோட்டைக்கு மட்டும் உரியவை அல்ல. இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளியில் 1,531 வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. தினாரியஸ் எனப்படும் இவற்றுள் மிகுதியானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் வெளியிட்டவை. இவற்றிலும் பலவற்றின் தலைப் பக்கத்தில் வெட்டுக் குறிகள் உள்ளன. ஆகவே, ஏதோ ஒருவரின் தனிப்பட்ட செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பொன்னிலும் வெள்ளியிலும், ஒன்றுக்கொன்று தொலைவான பகுதிகளிலும் இவ்வழக்கம் இருந்திருக்கிறது.

எந்தச் சேதம் எப்போது நேர்ந்தது?

விளக்கங்களை எடைபோடும் முன் ஒரு காசின் சேதத்தைச் சரியாக இனங்காண வேண்டும். இன்று கையில் புழங்கும் ஒரு ரூபாய் நாணயத்துக்கும் ஈராயிரம் ஆண்டு பழைய பொற்காசுக்கும் இதில் அடிப்படை விதி ஒன்றுதான். அச்சுக்கூடத்தில் நேர்ந்த பிழை வேறு, வெளியே வந்தபின் நேர்ந்த சேதம் வேறு.

அச்சில் விரிசல் விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அவ்விரிசலுக்குள் புகும். காசில் அது மேடான கோடாகத் தெரியும். காசின் பரப்பில் பள்ளமான கோடு இருந்தால், அது பெரும்பாலும் பின்னால் விழுந்த வெட்டாகவோ கீறலாகவோ இருக்கும். அச்சடிக்க வைக்கும் உலோக வில்லை சரியாகப் பதப்படாததால் வரும் பிளவு விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும். அச்சு நகர்ந்து அடிக்கப்பட்ட காசில் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் வெற்றிடம் இருக்கும். உளியால் வெட்டினால் உலோகம் இருபுறமும் பிதுங்கி நிற்கும். அரத்தால் அறுத்தால் உலோகம் தேய்ந்து அகன்றுபோகும், பிதுங்கல் இருக்காது.

அடுத்தது, வெட்டு எப்போது விழுந்தது என்பது. வெட்டின் ஓரங்கள் மழுங்கியிருந்தால், வெட்டியபின்னும் காசு கைமாறியிருக்கிறது என்று கருதலாம். ஓரம் கூர்மையாக இருந்தால், வெட்டியபின் அது அதிகம் புழங்கவில்லை. வெள்ளிக் காசின் வெட்டுக்குள்ளும் அதே களிம்பு படிந்திருந்தால் அது பழைய வெட்டு. பளபளவென்று இருந்தால் மண்வெட்டி பட்டதாகவோ, கண்டெடுத்தவர் உலோகத்தைச் சோதிக்கக் கீறியதாகவோ இருக்கலாம். பொன்னில் களிம்பு ஏறாது என்பதால் இச்சோதனை அங்கே பயன்படாது. வெட்டுக்குள் ஒட்டியிருக்கும் மண்ணும், நுண்ணோக்கியில் தெரியும் கருவித் தடமுமே அங்கே துணை. புதையல் கிடைத்தவுடன் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டால் அந்தத் துணையும் போய்விடுகிறது.

முதல் விளக்கம்: செலாவணியிலிருந்து நீக்கியது

புதுக்கோட்டைப் புதையலை ஆராய்ந்து வெளியிட்டவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணயப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஹில். பின்னாளில் அவர் அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். காசுகளை இனிச் செலாவணியாகச் செல்லாதபடி நீக்குவதற்காகவே வெட்டு போடப்பட்டது என்பது அவருடைய விளக்கம். புதையலில் இருந்த காசுகள் பெரிதும் தேய்ந்தவை என்பதும் இதற்குப் பொருந்தியது. இவ்விளக்கத்துக்கு நீண்ட ஆயுள் கிடைத்தது. அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், ரோமானியக் காசுகள் இங்கே பெரும்பாலும் உலோகமாகவே மதிக்கப்பட்டன என்ற பார்வையை வலியுறுத்தினார். அப்பார்வையும் இவ்விளக்கத்தோடு இணங்கிப் போனது.

இதன் பலம் அதன் எளிமை. முகத்தைக் கெடுத்தால், இது பணமாகாது என்பது எவருக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும். எடை குறையாததால் உலோக மதிப்பும் அப்படியே இருக்கும்.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு காசைச் செல்லாததாக்க, அதைச் செல்லும் என்று அறிவித்த அதிகாரமோ அதற்கு ஈடான அதிகாரமோ வேண்டும். தமிழகத்தில் ரோமானியக் காசுக்கு அத்தகைய சட்ட மதிப்பு இருந்ததற்குச் சான்று இல்லை. அது எடையாலும் மாற்றாலும் மதிக்கப்பட்டது என்று கொண்டால், முகத்தை வெட்டியதால் எதுவும் நீங்கியிருக்காது. மாறாக, அது எண்ணிக்கையால் கைமாறும் பணமாகவே புழங்கியது என்று கொண்டால், வீலரின் பார்வையைக் கைவிட வேண்டியிருக்கும். இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது கடினம்.

இலங்கை பற்றிப் பிளினி சொல்லும் ஒரு செய்தி இங்கே கவனத்துக்குரியது. ரோமானிய வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு அரசர்களின் உருவங்கள் இருந்தும் எல்லாம் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு இலங்கை மன்னர் வியந்தார் என்கிறார் அவர். கதையின் விவரங்கள் எப்படியிருந்தாலும், காசை ஏற்பதில் உருவத்தைவிட எடையே நம்பிக்கை தந்தது என்ற எண்ணம் அக்காலத்திலேயே பதிவாகியிருக்கிறது.

இரண்டாம் விளக்கம்: மாற்றைச் சோதித்தது

செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய போலிக் காசுகள் ரோமானிய உலகில் புழங்கின. அகஸ்டஸின் பேரர்களான காயஸ், லூசியஸ் இருவரின் உருவங்கள் தாங்கிய காசு வகை இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கிறது. அவ்வகையில் பூச்சுக் காசுகளும் உண்டு. அவை தென்னிந்திய வணிகத்துக்கென்றே தயாரிக்கப்பட்டவை என்ற ஊகம்கூட ஒருகாலத்தில் முன்வைக்கப்பட்டது. அப்படியானால், உள்ளே என்ன உலோகம் என்று பார்க்க வணிகர் வெட்டிப் பார்த்திருப்பது இயல்புதானே என்பது இரண்டாம் தரப்பின் வாதம்.

இதற்கு உலக வரலாற்றில் இணைகள் ஏராளம். ஏதென்ஸ் நகரில் கி.மு. 375/374இல் நிகோபோன் என்பவர் முன்மொழிந்த சட்டத்தைப் பொறித்த கல், 1970இல் அகோராப் பகுதியில் கிடைத்தது. சந்தையில் அமர்ந்து காசுகளைச் சோதிக்கும் பொதுச் சோதகர், உள்ளே செம்போ ஈயமோ இருக்கக் கண்டால் அக்காசை உடனே வெட்டிவிட வேண்டும் என்று அது ஆணையிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சீனாவுக்குச் சென்ற ஸ்பானிய வெள்ளி டாலர்களில் அங்கிருந்த வணிகர்கள் தத்தம் முத்திரைகளைக் குத்தினார்கள். இந்தியாவின் பழைய முத்திரைக் காசுகளிலும் பின்னால் குத்தப்பட்ட சிறு குறிகள் நிறைந்திருக்கின்றன. அவை காசைச் சோதித்தவர்கள் இட்ட அடையாளங்கள் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

வெள்ளிக் காசுகளைப் பொறுத்தவரை இவ்விளக்கம் வலுவானது. பொற்காசுகளுக்கு வரும்போது தடுமாறுகிறது. பொன்னின் மாற்றை அறிய உரைகல் போதும். தமிழ்ப் பொற்கொல்லர்கள் உரைகல்லைப் பயன்படுத்தினர் என்பதற்குக் கடல்கடந்த சான்றே உண்டு. தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் கிடைத்த ஓர் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. கல்லில் ஒருமுறை இழுத்தால் முடிகிற வேலைக்குக் காசையே வெட்டுவானேன் என்ற கேள்வி எழுகிறது. பூச்சுக் காசை உரைகல் எப்போதும் காட்டிக்கொடுத்துவிடாது என்று பதில் சொல்லலாம். ஆனால் வெட்டின் இடமும் இடிக்கிறது. சோதனைக்காக வெட்டுகிறவருக்கு விளிம்பும் பூப் பக்கமும் தலைப் பக்கமும் ஒன்றுதான். புதுக்கோட்டையில் வெட்டுகள் மீண்டும் மீண்டும் தலையிலேயே விழுந்திருக்கின்றன.

மூன்றாம் விளக்கம்: முகத்துக்கு எதிர்ப்பு

வெட்டு தலையின்மீதே விழுவதை முதன்மைச் சான்றாகக் கொள்வது மூன்றாம் தரப்பு. இது இரு கிளைகளாகப் பிரிகிறது. அயல்நாட்டு மன்னரின் உருவம் தம் நாட்டில் உலவுவதை உள்ளூர் ஆட்சியாளர்கள் விரும்பவில்லை என்பது அரசியல் கிளை. மனித உருவம் பொறித்த காசுக்குச் சமய அடிப்படையில் மறுப்பு இருந்தது என்பது மற்றொன்று.

சமயக் கிளைக்கு எதிரான சான்றுகள் கனமானவை. கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் மனிதத் தலையும் ‘மாக்கோதை’ என்ற தமிழி எழுத்துப் பொறிப்பும் உள்ளன. அத்தலையின் வடிவமைப்பில் ரோமானியச் சாயல் தெரிவதாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர். சாதவாகன மன்னர்களும் தம் தலை பொறித்த வெள்ளிக் காசுகளை வெளியிட்டார்கள். தெலங்கானாவின் கொண்டாப்பூர் போன்ற இடங்களில் ரோமானியக் காசின் உருவத்தைச் சுடுமண்ணில் பதித்து அணிகலனாக்கியிருக்கிறார்கள். முகத்தை வெறுத்த ஒரு சமூகம் அதே முகத்தை மண்ணில் அச்செடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்குமா?

அரசியல் கிளை அவ்வளவு எளிதில் விழுவதில்லை. தன் உருவத்தைக் காசில் பதிக்கத் தொடங்கும் ஒரு மன்னர், பிறர் உருவத்தை அழிக்க விரும்பியிருக்கலாம். ஆனால் அரசாணையால் நடந்திருந்தால், அந்தந்த ஆட்சிப் பகுதியில் கிடைக்கும் எல்லாப் புதையல்களிலும் வெட்டு இருக்க வேண்டும். நிலைமை அப்படி இல்லை. வெட்டுப்படாத காசுகளே நிறைந்த புதையல்களும் தென்னிந்தியாவில் உண்டு.

ரோமிலேயே வெட்டப்பட்டிருக்கலாமா என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். பதவியிழந்தவர்களின் பெயரையும் உருவத்தையும் அழிக்கும் வழக்கம் ரோமில் இருந்தது. திபேரியஸின் ஆட்சியில் செல்வாக்குப் பெற்றிருந்த செஜானஸ் கி.பி. 31இல் வீழ்ந்தபின், ஸ்பெயினின் பில்பிலிஸ் நகரக் காசுகள் சிலவற்றில் அவர் பெயர் சுரண்டி நீக்கப்பட்டிருப்பது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. தென்னிந்தியாவில் வெட்டுப்பட்டவர்களிலோ அகஸ்டஸும் திபேரியஸும் அடங்குவர். அகஸ்டஸ் தெய்வமாக வணங்கப்பட்டவர். ஆகவே இவ்வெட்டுகளை ரோமானிய அரசியலோடு இணைக்க இடமில்லை.

நான்காம் விளக்கம்: காணிக்கையாக்கியது

தெய்வத்துக்கோ இறந்தவருக்கோ அளிக்கும் பொருளை மீண்டும் உலகப் பயன்பாட்டுக்கு உதவாதபடி முடக்கும் வழக்கம் பல பண்பாடுகளில் உண்டு. நிகோபோன் சட்டமும் வெட்டிய போலிக் காசைத் தேவர்களின் அன்னைக்கு உரியதாக்குகிறது. அதைப்போல இங்கும் நடந்திருக்கலாம் என்பது நான்காம் ஊகம். இதை மறுக்கவும் நிறுவவும் தேவையான சான்று ஒன்றுதான்: காசுகள் எந்தச் சூழலில் புதைந்திருந்தன என்ற தகவல். பெரும்பாலான புதையல்கள் உழவிலும் குழி தோண்டும்போதும் தற்செயலாகக் கிடைத்தவை என்பதால் அச்சூழல் பதிவாகவில்லை. எனவே இவ்விளக்கம் இப்போதைக்கு ஒரு வாய்ப்பாக மட்டுமே நிற்கிறது.

துளையிட்ட காசுகள் தரும் ஒப்பீடு

வெட்டை மட்டும் தனியே பார்க்காமல், காசுக்கு நேர்ந்த பிற மாற்றங்களோடு சேர்த்துப் பார்ப்பது பயன்தரும். பிற்கால ரோமானிய, பைசாந்தியப் பொற்காசுகள் தென்னிந்தியாவில் கிடைக்கும்போது பலவற்றில் துளைகள் உள்ளன. தலைக்கு மேலே இரு துளைகளை அருகருகே இட்டிருப்பதை அடிக்கடி காணலாம். நூலில் கோத்தால் முகம் நேராக நிற்கும்படி அத்துளைகள் அமைந்திருக்கின்றன. துளையிட்டவர் முகத்தைக் காக்கிறார், வெட்டியவர் முகத்தைக் கெடுக்கிறார்.

இந்த மாற்றத்துக்குக் காலமும் ஒரு காரணமாகலாம். கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் மாற்றையும் பொற்காசின் எடையையும் குறைத்தார். இந்தியாவில் அதற்கு முந்தைய வெள்ளிக் காசுகளே மிகுதியாகக் கிடைப்பதற்கு இக்குறைப்பு ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். முதல் நூற்றாண்டில் காசு பெருவாரியாக வந்த வணிகப் பொருள். பின்னாளில் அரிதாக வந்த அணிகலன். பெருவாரியாக வந்தபோது அதை எண்ணவும் சோதிக்கவும் நீக்கவும் முறைகள் தேவைப்பட்டிருக்கும். அரிதானபோது அத்தேவை மறைந்திருக்கும். வெட்டின் பொருள் எதுவாயினும், அது முதல் நூற்றாண்டுப் பணப் பெருக்கத்தோடு தொடர்புடைய நடைமுறை என்பதை இவ்வொப்பீடு வலுப்படுத்துகிறது.

சேகரிப்பும் சான்றின் இழப்பும்

சேகரிப்பாளர்கள் பொதுவாகக் குறையற்ற காசையே நாடுவார்கள். வெட்டும் துளையும் விலையைக் குறைக்கும். அதனால் வெட்டுப்பட்ட காசு உருக்கப்படுவதற்கும், வெட்டைத் தட்டிச் சரிசெய்து விற்கப்படுவதற்கும் வாய்ப்பு அதிகம். 1847இல் கண்ணூர் அருகே கோட்டயத்தில் ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவுக்குப் பொற்காசுகள் கிடைத்ததாகப் பதிவு உண்டு. அவற்றில் பெரும்பகுதி சிதறிப்போனது. அத்தகைய இழப்புக்குப்பின், எத்தனையில் எத்தனை வெட்டுப்பட்டவை என்று கணக்கிடுவது இயலாது.

இந்நிலை மெல்ல மாறிவருகிறது. சீன முத்திரைகள் குத்திய டாலர்களைத் தனி வகையாகவே இன்று சேகரிக்கிறார்கள். ஏழாம் எட்வர்டின் முகத்தின் குறுக்கே பெண்களின் வாக்குரிமை முழக்கம் குத்தப்பட்ட 1903ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றைப் பிரிட்டிஷ் மியூசியம் போற்றிக் காக்கிறது. சேதம் ஒரு வரலாற்றுச் செயலின் தடமாக இருக்கும்போது அதற்கே மதிப்பு உண்டு என்ற புரிதல் வளர்ந்திருக்கிறது. ஆனால் அதே மதிப்பு, பழைய காசில் புதிய வெட்டைப் போட்டு விற்கும் ஆசையையும் தூண்டக்கூடும். கண்டெடுத்த இடம் தெரியாத வெட்டுக் காசை ஆதாரமாகக் கொள்வதில் அதனால் எச்சரிக்கை தேவை.

சட்டமும் இதில் பங்கு வகிக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. இச்சட்டங்கள் காசைக் காக்கலாம். ஆனால் வெட்டின் திசை, ஆழம், ஓரத் தேய்மானம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறவர் இல்லையென்றால், காசு பிழைத்தும் அதன் சான்று அழிந்துபோகும்.

மதிப்பீடு

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வெட்டுகள் வேண்டுமென்றே போடப்பட்டவை. அச்சுப் பிழையோ தற்செயலோ இவ்வளவு காசுகளில் ஒரே இடத்தில் விழாது. அவை ரோமானிய அரசியலின் விளைவும் அல்ல. உருவத்தின்மீது பொதுவான சமய வெறுப்பு என்ற விளக்கம், தென்னிந்தியாவின் சொந்தக் காசுகளாலேயே மறுக்கப்படுகிறது.

அரசாணை, காணிக்கை ஆகிய விளக்கங்களுக்குப் போதிய சான்று இல்லாத நிலையில், எஞ்சி நிற்பவை நீக்கமும் சோதனையும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பே விவாதத்தை நீட்டித்திருக்கிறது என்று தோன்றுகிறது. அக்கன்பள்ளியின் வெள்ளியும் புதுக்கோட்டையின் பொன்னும் ஒரே வழக்கத்தின் இரு வெளிப்பாடுகள் என்று யாரும் நிறுவியதில்லை. அது சான்றின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. பூச்சுக் காசுகள் புழங்கிய வெள்ளியில் வெட்டு ஒரு சோதனையாகவும், தேய்ந்த பொன்னில் அது ஒரு நீக்கக் குறியாகவும் இருந்திருக்கலாம். இருவேறு செயல்கள் ஒரேமாதிரியான தழும்பை விட்டுச்செல்வது அரிதல்ல. பொன்னைப் பொறுத்தவரை நீக்கியவர் அரசராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வணிகக் குழு ஒன்று, எண்ணிக்கையால் மாற்றும் காசையும் எடையால் மாற்றும் காசையும் பிரித்துவைக்க இட்ட குறியாகவும் அது இருக்கலாம்.

இந்தப் பிரிவினை சரியா என்பதைச் சோதிக்க வழிகள் உண்டு. வெட்டுப்பட்ட காசுகளின் எடையை வெட்டுப்படாதவற்றின் எடையோடு ஒப்பிட வேண்டும். தேய்ந்த காசுகள்தாம் வெட்டப்பட்டன என்றால் எடையில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். வெட்டின் ஓரத் தேய்மானத்தை நுண்ணோக்கியில் அளந்தால், வெட்டியபின் காசு புழங்கியதா என்று தெரியவரும். புழங்கியிருந்தால் அது தேறிய காசு, சோதனை விளக்கம் வலுப்பெறும். புழங்காவிட்டால் நீக்க விளக்கம் வலுப்பெறும். ஒரே கருவியின் தடம் ஒரு புதையல் முழுவதும் தெரிந்தால் வெட்டியவர் ஓரிடத்தில் ஒருவரே எனலாம், தடங்கள் பலவாக இருந்தால் காசு பல கைகளில் வெட்டுப்பட்டது எனலாம். காசுக்கு ஊறு செய்யாமலே செய்யக்கூடிய ஆய்வுகள் இவை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பிற மாநில அருங்காட்சியகங்களிலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பிரிந்துகிடக்கும் காசுகளை ஒரே அளவுகோலால் விவரித்து ஒரே பட்டியலில் சேர்ப்பதே முதல் தேவை. அதுவரை வெட்டியவர் யார் என்பதற்கு எந்த விடையையும் முடிந்த முடிவாகக் கொள்வதற்கில்லை.